உயர்த்திய வண்டியும் பெருஞ்சில்லும்

மோட்டார் வண்டி ஒன்றைக் கரடுமுரடான நிலத்துக்கு ஏற்றதாக்க விரும்புவோர் முதலிற் செய்ய நினைப்பது அதனை உயர்த்துதலேயாகும். வில்லுகளை நீட்டி, உடலை மேலே தூக்கி, பெரிய ரயர்களைப் பூட்டிவிட்டால் வண்டி எங்குஞ் செல்லும் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதற்கான உறுப்புகளைச் செய்து விற்றல் பெருந்தொழிலாய் வளர்ந்துள்ளது; வாங்கிப் பூட்டுவோருட் பலருக்கு வண்டியின் தோற்றமே பெரிது. இவ்வழக்கம் தோற்றங் கருதாது தேவை கருதி நிலைபெற்ற நாடு ஒன்று உண்டு. அஃது ஐஸ்லாந்து. எதனை எவ்வளவு உயர்த்தல் வேண்டும், உயர்த்துவதால் இழப்பது யாது என்னும் வினாக்களுக்கு அந்நாட்டார் பட்டறிவாற் கண்ட விடை, நிலையியல் கற்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

ஆட்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே கிடக்கும் அத்தீவின் பரப்பு ஏறக்குறைய 103,000 சதுர கிலோமீற்றர். அதிற் பத்தில் ஒரு பங்கைப் பனிக்கட்டி மூடியுள்ளது. வட்னயோகுல் என்னும் பனிக்கவிப்பு மட்டுமே 7,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. மக்கள் பெரும்பாலுங் கரையோரத்தில் வாழ்கின்றனர். உள்நாட்டு மேட்டுநிலத்திற் குடியில்லை; ஆறுகள் பலவற்றுக்குப் பாலமுமில்லை. இரண்டாம் உலகப் போரில், 1940இற் பிரித்தானியப் படையும் 1941இல் அமெரிக்கப் படையும் அங்கு இறங்கின. அவற்றோடு வந்த ஜீப் வண்டியை ஐஸ்லாந்தர் விரும்பி ஏற்றனர். போர் முடிந்தபின் கமக்காரர் அதனைத் தம் தொழிலுக்கே பயன்படுத்தினர். எனினும் கோடையில் ஆற்றையும் எரிமலை மணலையுங் கடந்த அவ்வண்டி, மாரியிற் பனியின்மேல் ஏறியதும் புதைந்து நின்றுவிடும். 1950இல் நிறுவப்பட்ட ஐஸ்லாந்துப் பனிக்கட்டியாராய்ச்சிச் சங்கத்தார் தொடக்கத்தில் வட்னயோகுல் மீது சென்றதும் சங்கிலித் தடத்தில் ஓடும் ஊர்திகளிலேயாம். 1980களில் அமெரிக்க ஆக்கமான 38 அங்குல, 44 அங்குல விட்டமுள்ள ரயர்கள் அங்கு பரவிய பின்னரே, சாதாரண நான்குசில்லு இயக்க வண்டிகள் பனிக்கவிப்பின் மேல் தாமாக ஏறி இறங்கத் தலைப்பட்டன.

பெரிய ரயர் பனியில் எவ்வாறு உதவுகின்றது? உயரத்தால் என்று பலர் விடையிறுப்பர். அது சிறுபான்மை, பெரும்பான்மை அமுக்கத்தாலாகும். 5,400 இறாத்தல் நிறையுள்ள ஒரு வண்டியைக் கொள்க. ஒவ்வொரு சில்லின் மீதும் 1,350 இறாத்தல் பாரம் அமையும். ரயரினுள் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்றமுக்கம் இருப்பின், அப்பாரத்தைத் தாங்க நிலத்தைத் தொடும் பரப்பு 45 சதுர அங்குலம் போதும்.  அதே ரயரிலிருந்து காற்றை விட்டு அமுக்கத்தை 3 இறாத்தலாகக் குறைத்தால், பாரத்தைத் தாங்க 450 சதுர அங்குலம் வேண்டும். ரயர் சப்பையாகி நீண்டு படுத்து அப்பரப்பை ஆக்கிக்கொள்ளும். உண்மையிற் பக்கச்சுவரின் விறைப்பும் பாரத்திற் சிறிது தாங்குவதால் தொடுபரப்பு இக்கணக்கினுஞ் சற்றுக் குறையும். எனினும் ஒப்பிட்டு நோக்குக. 150 இறாத்தல் நிறையுள்ள ஒருவர் நடக்கையில் ஓரடி நிலத்தில் ஊன்றும் பரப்பு 30 சதுர அங்குலம் எனின், அவர் பனியின்மேற் செலுத்தும் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல். சாரதி இறங்கி நடந்தால் முழங்காலளவு புதையும் பனியில், அவர் ஏறிவந்த வண்டி மேலாக நிற்பதன் காரணம் இதுவே.

சிறிய ரயரிலுங் காற்றைக் குறைக்கலாமே எனின், குறைக்கலாம். ஆனாற் சப்பையாவதற்கு அதில் இடம் போதாது. நிலத்துக்கும் சில்லின் இரும்பு விளிம்புக்கும் இடையில் ரயரின் பக்கச்சுவர் ஓரளவு உயரமாய் இருந்தாலன்றி, அது மடிந்து நீள்வதற்கு வழியில்லை. ஆகவே விட்டம் வேண்டப்படுவது முதன்மையாக இம்மடிவின் பொருட்டே.

இனி உயர்த்துதலுக்கு வருவோம். வில்லுகளை நீட்டினால் உயர்வது எது? வில்லுக்கு மேலுள்ள சட்டகமும் உடலுமே உயரும். வில்லுக்குக் கீழே கிடக்கும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சின் நடுவிற் பற்சில்லுகளை அடக்கிய உருண்டைக் கூடு ஒன்றுளது. கராச்சில் உள்ளோர் டிபரன்ஷல் என்பர். கல்லிலும் பனித்திட்டியிலும் முதலில் மோதுவது அதுவே. வில்லை ஓரடி நீட்டினாலும் அக்கூடு நிலத்திலிருந்து ஒரு நூலளவும் எழாது. அதனை எழுப்ப வல்லது ரயரின் ஆரை ஒன்றே. 31 அங்குல ரயரைக் கழற்றி 38 அங்குல ரயரைப் பூட்டினால், விட்டம் ஏழங்குலம் மிகுகின்றது. அச்சு அதிற் பாதியாகிய மூன்றரை அங்குலம் உயர்கின்றது. மாட்டுவண்டிக்கு ஆளின் மார்பளவு சில்லமைத்த பழைய தச்சரும் அச்சு உயர வேண்டுமெனிற் சில்லையே பெருக்கினர்.

அங்ஙனமாயின் வில்லை நீட்டுவது எதற்கு? பெரிய ரயருக்கு இடங்காண்பதற்கு. சில்லு திரும்பும்போதும், பள்ளத்தில் விழுந்து வில் அமுங்கும்போதும் 38 அங்குல ரயர் மட்காட்டில் உரசும். அந்த உரசலைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள. ஒன்று உடலை உயரத் தூக்குதல். மற்றையது உடலை வெட்டுதல். முதலாவது எளிது; செலவுங் குறைவு. ஐஸ்லாந்தர் பெரிதும் நாடுவது இரண்டாவதை. மட்காட்டின் விளிம்பையும் அதன் உட்சுவரையும் அகல வெட்டி, மீண்டும் ஒட்டவைத்து, வெளியே அகன்ற சிறகுபோன்ற மூடியைப் பொருத்துவர். வேண்டுமிடத்து முன்னச்சை முன்னாகவோ பின்னச்சைப் பின்னாகவோ சில அங்குலம் நகர்த்துவர். இத்தனை செய்தும் இடம் போதாவிடத்து மட்டுமே உடலை அளவோடு உயர்த்துவர். 1990இல் ஐஸ்லாந்து ரொயோட்டா நிறுவனத்தினுள்ளே தோன்றிய ஆட்டிக் ரக்ஸ் என்னுந் தொழிலகம் இம்முறையால் உலகப் பெயர் பெற்றது. அத்தொழிலகம் மாற்றியமைத்த ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளிலேயே 2007ஆம் ஆண்டிற் பி.பி.சி. தொலைக்காட்சிக் குழுவினர் 38 அங்குல ரயர்களோடு கடற்பனியைக் கடந்து, வடகாந்த முனை 1996இல் இருந்த இடத்தை அடைந்தனர்.

வெட்டுதற்கு ஏன் இத்துணைப் பாடுபட வேண்டும்? உயிரின் பொருட்டு என்பதே விடை. வளைவிற் செல்லும் வண்டியைப் பக்கமாகத் தள்ளும் விசை, வண்டியின் நிறையில் எத்தனை பங்காகும்போது உட்பக்கச் சில்லுகள் நிலத்தை விட்டெழும் என்பதை ஒரு சிறிய பின்னத்தாற் காணலாம். இடச்சில்லின் நடுவுக்கும் வலச்சில்லின் நடுவுக்கும் உள்ள அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்காற் பிரிக்க அப்பின்னம் வரும். அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்புத் துறை 2001ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலிருந்து இந்த எண்ணைக் கொண்டே கவிழ்தல் ஆபத்தை மதிப்பிட்டது. பயணக் கார்களுக்கு அது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரையும், உயரமான நான்குசில்லு இயக்க வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரையும் அமையும்.

அகலம் 62 அங்குலமும் மையத்தின் உயரம் 28 அங்குலமும் உள்ள வண்டிக்கு எண் 1.11. அதற்கு 38 அங்குல ரயர் பூட்டி, வில்லையும் மூன்றங்குலம் நீட்டினால், மையம் ஏறக்குறைய ஆறங்குலம் எழுந்து 34 ஆகின்றது. அகலம் மாறவில்லையெனின் எண் 0.91. இவ்வெண், வண்டி முழுதும் விறைப்பான ஒரு பெட்டி என்று கொண்டு பெற்றதாகும். உண்மை வண்டியோ வில்லும் ரயரும் வளைந்து கொடுப்பதால் அதற்கு முன்னரே கவிழும். உலர்ந்த தார்வீதியில் ரயரின் பிடி 0.8ஐ எட்டுவதும் கடப்பதும் இயல்பு. எனவே, மாட்டின் குறுக்கே வண்டியை வெடுக்கெனத் திருப்பும் சாரதி, முன்னைய வண்டியிற் பக்கமாய் வழுக்கிச் சென்று தப்பியிருப்பார். உயர்த்திய வண்டியிற் கவிழ்வார். இனி ஐஸ்லாந்தர் செய்வதைக் காண்க. அதே 38 அங்குல ரயர். ஆயின் உடலை வெட்டி இடங்கண்டமையால் வில் நீட்டப்படவில்லை. மையம் மூன்றரை அங்குலமே எழுந்து 31½ ஆகின்றது. அகன்ற சில்லு வெளித்தள்ளி நிற்பதால் அகலம் பக்கத்துக்கு நான்காக எட்டங்குலம் மிகுந்து 70 ஆகின்றது. எழுபதை அறுபத்துமூன்றாற் பிரிக்க 1.11. அச்சும் உயர்ந்தது, வண்டியின் நிலைபேறும் குறையவில்லை. அம்மூடிகளின் அகலம் அழகுக்கன்று என்பது இக்கணக்காற் பெறப்படும்.

இத்தோடு கடன் தீர்ந்துவிடாது. ரயரின் பரிதி 38க்கு 31 என்ற விகிதத்தில் நீண்டமையால், வேகமானி 80 காட்டும்போது வண்டி 98இல் ஓடும். தூரமானியும் அவ்வாறே குறைத்துக் காட்டும். எஞ்சின் அச்சுக்குத் தரும் முறுக்கம் மாறாதிருக்க ஆரை மட்டும் வளர்ந்ததால், நிலத்தை உதைக்கும் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குன்றும். ஆகவே அச்சினுள் இருக்கும் பற்சில்லுகளை மாற்றுவர், 4.10 என்னும் விகிதத்துக்குப் பதிலாக 4.88 இடுதல் வழக்கம். பிரேக்கின் நிலையும் இதுவே. அது பிடிப்பது சில்லின் நடுவை. வீதி இழுப்பதோ முன்னிலும் நீண்ட ஆரையின் முனையை. நிறை மிகுந்த ரயரின் சுழற்சியையும் அது அடக்கல் வேண்டும். எஞ்சினின் வலுவைக் குறித்துக் கவலைப்படுவோர் பலர், பிரேக்கைக் குறித்துச் சிந்திப்போர் சிலர் என்பது வருந்தத்தக்கது.

வில்லை நீட்டும்போது அதனோடு தொடர்புற்ற பிறவும் இழுபடும். எஞ்சினிலிருந்து அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் மூட்டுகள் கூடிய கோணத்திற் சுழன்று விரைவில் தேயும். முன்னச்சைத் தாங்கும் தண்டுகள் சாய்வதால் அச்சும் சிறிது உருளும்; அதனாற் சில்லு திரும்பும் அச்சாணியின் பின்சாய்வு குறையும். துவிச்சக்கர வண்டி கைவிட்டு ஓடும்போதும் பெரும்பாலும் நேரே செல்வதற்கு அதன் முன்கவர் சாய்ந்திருப்பதும் துணைசெய்கின்றது. அச்சாய்வு குன்றிய மோட்டார் வண்டியில் திருப்பிய சுக்கான் தானே மீளாது. வீதியில் வண்டி அலையும். இவை யாவும் சாரதிக்குக் கையிலுங் காதிலும் தெரியவரும். தெரியாது கொல்வது பிரேக் எண்ணெய் செல்லும் இறப்பர்க் குழாய். நீட்டிய வில்லுக்குப் பழைய நீளக் குழாயையே விட்டுவைத்தால், சில்லு பள்ளத்தில் தொங்கும் ஒரு கணத்தில் அது இழுபட்டு அறும். முழுவேலையிலும் விலை மிகக் குறைந்த உறுப்புகளுள் அஃதொன்று.

மிகக் குறைந்த அமுக்கத்தில் வேறோர் இடருமுண்டு. சில்லின் விளிம்போடு ரயரை இறுக்கிப் பிடித்திருப்பது உட்காற்றே. காற்றுக் குறைந்தால் ரயர் விளிம்பிலிருந்து கழலும். இதற்கென ரயரின் விளிம்பை இறுகப் பற்றும் தனிவகைச் சில்லுகள் உள. பனிவெளியிற் கழன்ற ரயரினுள் எரிவாயுவைச் சிறிதளவு செலுத்திக் கொளுத்தி, வெடிப்பின் விசையால் அதனை மீள அமர்த்துவோரும் உளர். கைதேர்ந்தவரையே காயப்படுத்தக்கூடிய முறை அது. வேறு வழியற்ற இடத்திற்கே உரியது.

ஐஸ்லாந்திற் சட்டமும் இவ்விடயத்தில் விழிப்பாயுள்ளது. மாற்றியமைத்த வண்டி தனிப்பட்ட பரிசோதனைக்குப் பின்னரே வீதிக்கு வரலாம். வீதி நீங்கி நிலத்தின்மேல் ஓட்டுதல் 2013ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. பனிக்கட்டியாறும், உறைந்து பனி மூடிய நிலமும் விதிவிலக்கு. அங்கு வளரும் பாசி சில்லுத் தடத்தாற் கிழிபட்டால் மீண்டும் மூடப் பல்லாண்டு செல்லும். புயலிற் சிக்கியோரைத் தேடிச் செல்லும் மீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர். அவர்தம் வண்டிகளும் மேற்கூறிய முறையில் அமைந்தனவே.

பனிக்கவிப்பிலிருந்து இறங்கும் வண்டிகள் வீதி தொடங்குமிடத்தில் வரிசையாய் நிற்பதை அந்நாட்டிற் காணலாம். சப்பையாய்ப் படுத்த ரயரோடு வேகமாய் ஓடினாற் பக்கச்சுவர் ஓயாது மடிந்து சூடேறிக் கிழிந்துவிடும். ஆகவே சாரதி இறங்கி, எஞ்சின் அருகிற் பூட்டிய காற்றழுத்தியிலிருந்து குழாயை இழுத்து, நான்கு ரயருக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றேற்றுவார். மூன்று இறாத்தலில் இருந்த ரயர் வீதிக்குரிய அமுக்கத்தை அடையும்வரை, எத்துணை அவசரமாயினும், குளிரில் நின்று காத்திருப்பார்.