புட்டு மாவு தந்த பாடம்

நெல்லுக்குப் பேர்போன தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்கு அரிசியைப் பற்றி யார் புதிதாகச் சொல்லித் தரவேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். சென்ற ஐப்பசி மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த என் சித்தி, கீன்வா என்னும் சிறு தானியம் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்களின் பழைய உணவு. ஐக்கிய நாடுகள் சபை 2013-ஆம் ஆண்டைக் கீன்வா ஆண்டாகவே கொண்டாடியது. அதன் மேல்தோலில் சபோனின் என்ற கசப்புப் பொருள் இருப்பதால், நுரை அடங்கும்வரை கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகே அரைக்க வேண்டும் என்றார் சித்தி. கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, “கழுவி, உலர்த்தி, இடிச்சு, சலிக்கிறது நம்ம வீட்டிலே தினம் நடக்கிற வேலைதானேடி!” என்று சிரித்தார்.

உண்மைதான். என் அம்மா மாப்பிள்ளைச் சம்பா அரிசியில் புட்டு மாவு செய்து விற்கிறார். அந்த வருமானத்தில்தான் நான் படிக்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா சுமார் 160 நாள் வயலில் நிற்கும் சிவப்பரிசி நெல். மறைந்துகொண்டிருந்த இத்தகைய நெல் வகைகளைத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் தேடிச் சேர்த்து, 2006 முதல் நெல் திருவிழா நடத்தி உழவர்களுக்கு விதை வழங்கியவர் ‘நெல்’ ஜெயராமன். அவர் 2018-இல் மறைந்தார்.

சிவப்பரிசியின் சிறப்பு அதன் தவிட்டில் இருக்கிறது. 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டிலுள்ள பி1 வைட்டமின்தான் காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. அவருக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி மாவு செய்யும் முறையைச் சொல்கிறேன். இரண்டு படி பச்சரிசியைக் கல் நீக்கி, மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து ஊற வையுங்கள். வெள்ளரிசிக்கு இரண்டு மணி நேரம் போதும். மாப்பிள்ளைச் சம்பா கடினமானது. ஆறு மணி நேரமாவது வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து, நிழலில் வெள்ளை வேட்டியின் மேல் பரப்புங்கள். அரிசியைக் கையில் அள்ளினால் ஒட்டக்கூடாது. பல்லில் கடித்தால் உள்ளே ஈரம் தெரியவேண்டும். அதுவே பதம். அதிகம் காய்ந்தால் மாவு நறநறக்கும். ஈரம் மிகுந்தால் மில்லில் கட்டிக்கொள்ளும்.

உரலில் இடித்தாலும் மில்லில் அரைத்தாலும் மாவைச் சலித்து, சல்லடையில் தங்கும் கப்பியை மறுபடி இடிக்க வேண்டும். அடுத்தது வறுப்பது. அடி கனமான வாணலியில் சிறு தீயில், கை நிறுத்தாமல் கிளறுங்கள். முதலில் ஆவி கிளம்பும். ஆவி நின்றதும் ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் கோலம்போல் இழையுங்கள். இழை அறுபடாமல் வந்தால் இறக்கிவிடலாம். நிறம் மாறும்வரை வறுக்கக்கூடாது.

கடைசி வேலைதான் மிக முக்கியம். மாவைத் துணியில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு, இன்னொரு முறை சலித்து, ஈரமில்லாத டப்பாவில் அடைக்க வேண்டும்.

அங்கேதான் நான் தவறினேன். ஐப்பசி அடைமழை நாள். ஒரு வளைகாப்பு வீட்டுக்குப் பத்து கிலோ மாவு தருவதாக அம்மா ஒப்புக்கொண்டிருந்தார். “ஆறினதும் டப்பாவிலே கொட்டிடு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்குப் படிக்கும் அவசரம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொட்டி மூடிவிட்டேன். நான்காம் நாள் திறந்தால், மாவு கட்டிதட்டிப் பூசண வாடை அடித்தது. சூட்டில் எழுந்த ஆவி மூடியில் பட்டு நீராகி, மறுபடி மாவிலேயே சொட்டியிருக்கிறது.

“வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடலாமே, யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. “சாப்பிடப் போறவ பிள்ளைத்தாச்சி” என்று மட்டும் சொன்னார். பூசணத்தின் நஞ்சு காய்ந்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது என்பதை அறிவியல் ஆசிரியையிடம் கேட்டுப் பிறகு தெரிந்துகொண்டேன். பத்து கிலோவும் குப்பைக் குழிக்குப் போயிற்று. என் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் அம்மா புது அரிசி வாங்கினார். அன்றிரவு இருவரும் கண்விழித்து வறுத்தோம். மாவு ஆறும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சொன்ன நேரத்துக்கு மாவு போய்ச் சேர்ந்தது. கட்டணத்தைச் சில நாள் கழித்துக் கட்டினோம்.

புட்டுச் செய்ய, மாவில் உப்புக் கலந்த வெந்நீரைத் தெளித்துப் பிசறுங்கள். பிடித்தால் பிடிபடவும், உதிர்த்தால் உதிரவும் வேண்டும். பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தால் மணக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிவப்பரிசி மாவு நாள்பட்டால் காறல் அடிக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் செய்துகொள்ளுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள்.

தோழியரே, கீன்வா ஆனாலும் நம் சம்பா ஆனாலும் மாவுக்கு வேண்டியது பொறுமை. விடுமுறையில் அம்மாவுக்குத் துணையாக ஒருமுறை செய்து பாருங்கள். ஆறும்வரை மட்டும் மூடிவிடாதீர்கள்!

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி