மரணத்தை வேண்டும் உரிமை

மீளா நோயிற் கிடப்போருக்கு மரணத்தை வேண்டிப் பெறும் உரிமை உண்டா?

மும்பாய் வைத்தியசாலையொன்றில் தாதியாகப் பணியாற்றிய அருணா சான்பாக், 1973ஆம் ஆண்டு கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டு உணர்விழந்தார். ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவ்வாறே கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்துமாறு வழக்குத் தொடரப்பட்டது. அவரைப் பேணிவந்த தாதியரோ அதற்கு இசையவில்லை. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. 2015இல் அருணா நிமோனியாக் காய்ச்சலால் மறைந்தார்.

2018இல் அதே நீதிமன்றம், பயனற்ற சிகிச்சை வேண்டாமென முன்னரே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. ஊசியேற்றி உயிர்போக்க இடமளிக்கவில்லை. இயற்கையான முடிவுக்கு வழிவிடுவது வேறு. உயிரைப் பறிப்பது வேறு.

எதுவாயினும், நோயாளியின் விருப்பத்தை அவர் பேசவல்லபோதே கேட்டறிதல் உற்றார் கடன். அருணாவிடம் அதனைக் கேட்க எவராலும் இயலவில்லை.