பழைய ஜீப்பை வாங்குமுன் எண்ணிப் பாருங்கள்

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் போகப் போக மலை நெருங்கி வந்து எலுமிச்சைத் தோப்புகள் கண்ணில் படுகின்றன. அந்த அடிவாரத்துக் கற்பாதைகளில் காய்மூட்டை ஏற்றிவர நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய மகிந்திரா ஜீப்புக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது என்பது அனுபவஸ்தர்களின் அபிப்பிராயம். ஆனால், பல கை மாறி, பல பட்டறைகளில் அச்சு கழற்றி மாட்டப்பெற்ற வண்டியில் முன் கிரவுன் பினியன் ஒரு விகிதமும் பின் கிரவுன் பினியன் வேறொரு விகிதமுமாக அமைந்திருக்கும் அபாயத்தை, வாங்குகிறவர்களில் அநேகர் அறிவதில்லை.

மகிந்திரா ஜீப்புக்கு மூலமான யுத்தகால வில்லிஸ் ஜீப்பின் விகிதம் 4.88, அதாவது எட்டுப் பல் பினியனுக்கு 39 பல் கிரவுன். பின்னால் வந்த சி.ஜே.3பி வகையில் அது 5.38, பினியனுக்கு அதே எட்டுப் பல், கிரவுனுக்கு 43. முன்னே 5.38-உம் பின்னே 4.88-உம் மாட்டிய வண்டியில், முன் சக்கரம் நூறு அடி ஓடும் நேரத்தில் பின் சக்கரம் நூற்றுப்பத்து அடி ஓட முயல்கிறது. சாதாரணமாக ஓட்டும்போது பின் சக்கரம் மட்டுமே இழுப்பதால் குற்றம் வெளியே தெரியாது. முன் கியரைப் போட்டுப் பாறையிலோ தார்ச்சாலையிலோ ஏறும்போதுதான் டயர் தேய்ந்து, லீவர் இறுகி, டிரான்ஸ்பர் கேஸின் பல்லே முறியும் நிலைமை பிரத்தியட்சமாகிறது.

இதைக் கண்டறிய எவருடைய தயவும் வேண்டியதில்லை. மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, பின்பக்கம் ஒரே ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சின் அடியில் உறுதியான தாங்கல் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இவ்வகை ஜீப்பில் கைப்பிரேக் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தைப் பிடிப்பதாகையால் அதையும் விடுவிக்க வேண்டும். புரொபெல்லர் ஷாப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தை இருபது சுற்றுச் சுற்றுங்கள். மறு சக்கரம் தரையில் நிற்பதால் இந்த இருபது சுற்று பத்துச் சுற்றுக்கே சமம்; ஆகவே ஷாப்ட் 53¾ சுற்று வந்தால் 5.38, 48¾ வந்தால் 4.88. ஹப் லாக் இருந்தால் பூட்டிக்கொண்டு, முன் கியரை விலக்கி, முன்னச்சிலும் இவ்விதமே எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துவந்தாலொழிய முன்பணம் கொடுக்காதீர்கள்.

விற்பனையையே தொழிலாகக் கொண்டவரிடமோ, கூலி வாங்கிக்கொண்டு அச்சு மாற்றிய பட்டறையிலோ ஏமாந்தவருக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. இரண்டு வருஷத்திற்குள், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்திற்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. லாப நோக்கோடு வியாபாரத்துக்கு வாங்கியவரை இச்சட்டம் நுகர்வோராகக் கொள்ளாது. சுயதொழிலால் ஜீவனம் நடத்த வாங்கியவருக்கு அந்தத் தடையில்லை.

தனிமனிதர் ஒருவர் தம் சொந்த வண்டியை விற்றாரென்றால், சிவில் நீதிமன்றமே கதி; அங்கே 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் பொருந்தும். அச்சட்டத்தின் 19-ஆவது பிரிவோ, சாதாரண ஜாக்கிரதையினால் உண்மையைக் கண்டுகொள்ள வழி இருந்தும் கண்டுகொள்ளாதவர், விற்றவர் தவறாகச் சொன்னார் என்பதை மட்டும் காட்டி ஒப்பந்தத்தை ரத்துசெய்துகொள்ள முடியாது என்கிறது. ஆகவே, எண்ணிய இரு விகிதங்களையும் ரசீதிலேயே எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.