61-உம் 61-உம் சரி, ஆனாலும் மூன்று பிள்ளைகளைக் காணோம்



இந்த வார நிகழ்ச்சியில் டேட்டாபேஸ் மாற்றுவதைப் பற்றிக் கதைக்கும்போது, "நான் மாட்டுப்பட்ட கதையை மடலில் எழுதுறன்" என்று சொல்லியிருந்தேன். இதோ அந்தக் கதை.

டொராண்டோவில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் தொண்டராகக் கணினி வேலை பார்க்கிறேன். மைஎஸ்கியூஎல் 5.7-இல் இருந்த மாணவர் பதிவுகளைப் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றினோம். முழு டேபிளையும் அப்படியே இறக்கிவிட்டு, அதிலிருந்து ஆண்டுச் சோதனைக்கு உரியவர்களை மட்டும் வடிகட்டிப் புது டேபிளுக்கு நகலெடுக்க வேண்டும். மூன்று நிபந்தனைகள்: கிளை 'ஈஸ்ட்' (ஆங்கிலத்தில் பதிந்திருந்தது), வகுப்பு 'தொடக்கநிலை', நிலை 'விலகினார்' என்று இருக்கக் கூடாது.

அதே வடிகட்டியைப் பழையதில் ஓட்டினால் 61 பேர். புதியதில் 52 பேர். எரர் ஒன்றும் வரவில்லை.

ஒன்பது பேரைத் தேடினேன். ஆறு பேருக்குக் கிளையின் பெயர் முழுக்கச் சிறிய எழுத்திலோ முழுக்கப் பெரிய எழுத்திலோ இருந்தது. மற்ற மூன்று பேருக்கு முடிவில் ஒரு ஸ்பேஸ். மைஎஸ்கியூஎல்லில் எங்கள் டேபிளின் கொலேஷன் 'ஜெனரல் சிஐ'. சொற்களை எப்படி ஒப்பிடுவது என்று சொல்லும் விதிதான் கொலேஷன். அந்த 'சிஐ', பெரிய எழுத்து சிறிய எழுத்தைப் பொருட்படுத்தாதே என்று அர்த்தம். சொல்லின் முடிவில் இருக்கும் ஸ்பேஸையும் அது கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸின் டெக்ஸ்ட் வகையில் இரண்டு சலுகையும் கிடையாது. இத்தனை வருடம் எங்கள் டேட்டா சுத்தமாக இருந்ததாக நினைத்தது தப்பு. மைஎஸ்கியூஎல் எங்களுக்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

லோயர், ட்ரிம் இரண்டும் போட்டேன். 61 வந்தது. பழையது 61, புதியது 61. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

சோதனை நாள் காலை. பென்சிலோடு வந்து நின்ற ஒரு சின்னப் பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லை. "நான் காசும் கட்டினனான் அண்ணா" என்றார் தாய். பெயரைக் கையால் எழுதி இருத்திவிட்டோம். இன்னொரு பையன் வரவே இல்லை, ஏனென்றால் அறிவித்தல் மடலும் இதே பட்டியலில் இருந்துதான் போனது. பிறகு பார்த்தால் மொத்தம் மூன்று பேர். உண்மையான எண்ணிக்கை 64.

ஒரே சொல், இரண்டு வரிசை

இரண்டு பேருக்கு வகுப்பு 'தொடக்கநிலை' என்றே இருந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் யூனிகோடில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'ொ' என்ற ஒற்றைக் குறியாகப் போடலாம். 'ெ' ஒன்றும் 'ா' ஒன்றும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஓ, ஔ குறிகளுக்கும் இதே கதை. அந்த இரண்டு பதிவுகளும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு மாற்றியவை. மாற்றிய கருவி, குறியைப் பிரித்தே வைத்துவிட்டது.

இதைப் பிடிக்க நீளத்தை எண்ணுங்கள். ஒழுங்கான 'தொடக்கநிலை'க்குப் போஸ்ட்கிரெஸின் லெங்த் 10 என்று சொல்லும். பிரிந்ததற்கு 11. மைஎஸ்கியூஎல்லில் லெங்த் என்பது பைட் கணக்கு, அங்கே 30-உம் 33-உம் வரும். எழுத்துக் கணக்கு வேண்டுமென்றால் அங்கே கேர் லெங்த் போட வேண்டும்.

மருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷன். போஸ்ட்கிரெஸ் 13-இல் இருந்து கூடவே வருகிறது, பிரிந்து கிடப்பதை ஒற்றைக் குறியாகச் சேர்த்துவிடும். ஆனால் 'ஔவை'யை ஒ-வும் ள-வும் போட்டு 'ஒளவை' என்று தட்டியிருந்தால் அது திருத்தாது. அது வேறு எழுத்து, கையால்தான் திருத்த வேண்டும்.

வெற்றிடம்

மூன்றாவது பிள்ளைக்கு நிலை என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, நல். நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' இல்லை, 'இல்லை'யும் இல்லை, 'தெரியாது'. விடை 'ஆம்' என்று வரும் வரிசையை மட்டும்தான் வேர் உள்ளே விடும். அதனால் "விலகாதவர்களை எடு" என்று கேட்டால், நிலையே எழுதாதவர்களும் வெளியே போய்விடுவார்கள். இங்கே சமமில்லை என்ற குறிக்குப் பதிலாக 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' போட வேண்டும்.

இந்த மூன்று பேரையும் பழைய டேட்டாபேஸும் தவறவிட்டுத்தான் இருந்தது. அதனால்தான் 61-உம் 61-உம் ஒத்துப்போனது. இரண்டு பக்கமும் ஒரே பிழை இருந்தால் எண்ணிக்கை ஒத்துப்போவதில் ஒரு பயனும் இல்லை.

இப்போது நான் செய்வது

முதலாவது, வடிகட்டியில் தேறியவர்களை மட்டும் எண்ணுவதில்லை. 'ஆம்' எத்தனை, 'இல்லை' எத்தனை, 'தெரியாது' எத்தனை என்று மூன்றையும் எடுத்துக் கூட்டி, டேபிளின் மொத்தத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். 'தெரியாது' பூச்சியமாக இல்லாவிட்டால் நகலெடுப்பதை நிறுத்திவிடுவேன்.

இரண்டாவது, வடிகட்டும் ஒவ்வொரு காலத்தையும் குரூப் பை போட்டு, பக்கத்தில் நீளத்தோடு பட்டியலிடுகிறேன். 'தொடக்கநிலை' இரண்டு வரியில் வந்தால் விஷயம் அங்கேயே வெளிச்சம். இதைப் போஸ்ட்கிரெஸ் பக்கம் செய்யுங்கள். மைஎஸ்கியூஎல்லின் சிஐ கொலேஷன், பெரிய எழுத்து சிறிய எழுத்தை ஒரே வரியாகச் சேர்த்து மறைத்துவிடும்.

மூன்றாவது, ட்ரிம்மை முழுசாக நம்புவதில்லை. போஸ்ட்கிரெஸில் சும்மா ட்ரிம் போட்டால் சாதாரண ஸ்பேஸை மட்டும்தான் வெட்டும். டேப்பும், வெப் பக்கத்தில் இருந்து ஒட்டும்போது வந்து சேரும் நோ பிரேக் ஸ்பேஸும் அப்படியே நிற்கும். அதற்கும் நீளம்தான் சாட்சி.

கடைசியாக, சுத்தம் செய்வதை வேருக்குள் ஒளித்து வைக்காமல், இறக்கிய டேபிளிலேயே ஒருமுறை செய்துவிட்டேன். கிளைக்கும் வகுப்புக்கும் தனி டேபிள் போட்டு ஃபாரின் கீயால் இணைத்தாயிற்று. இனி ஒருவரும் வகுப்பின் பெயரைத் தட்டத் தேவையில்லை, பட்டியலில் இருந்து தெரிந்தால் போதும்.

வராத பையனுக்கு அடுத்த சனிக்கிழமை தனியாகச் சோதனை வைத்தோம். வினாத்தாளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ர பேர் இப்ப இருக்கா?" என்று கேட்டான். பட்டியலைத் திறந்து காட்டினேன்.

உங்களுக்கும் இப்படி வரிசைகள் காணாமல் போயிருந்தால் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ. அடுத்த நிகழ்ச்சியில் கதைப்போம்.