மோடம் சொன்ன சேதி!

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நகரங்களில் நம்ம சென்னையும் ஒன்று. அன்று எல்லாமே போன் லைன் வழியாகத்தான். இணைப்பு கிடைக்காவிட்டால் பலரும் விண்டோஸ் 95 செட்டிங்குகளைக் கண்டபடி மாற்றினார்கள். எதிர்முனை எடுத்தாலே ஒரு கால் கணக்கு, பில்தான் எகிறியது!

ரயில் சக்கரத்தைத் தட்டி, சத்தத்திலேயே விரிசல் கண்டுபிடிப்பார்களே, மோடமும் அப்படித்தான். டயல் டோனே கேட்கவில்லையா? கோளாறு லைனில் அல்லது வயரில். நம்பர் போட்ட பிறகும் டோன் நிற்கவில்லையா? பழைய எக்ஸ்சேஞ்சுக்கு டோன் டயலிங் புரியவில்லை. ‘பல்ஸ்’ என்று மாற்ற வேண்டும். கிரீச்சிட்டுப் பேசி முடித்த பிறகு அறுந்ததா? லைன் ஓ.கே.; பாஸ்வேர்டையும் டி.சி.பி./ஐ.பி. செட்டிங்கையும் பார்க்கணும்.

டயல்-அப் போனாலும் பாடம் போகவில்லை. லேபில் எந்த மெஷின் படுத்தாலும் முதலில் காது, பிறகு செட்டிங், கடைசியில்தான் ஸ்க்ரூ டிரைவர்!