கிடேரி ஊசியும் இருபத்தாறாவது இட்லியும்

“ஒரே ஊசியில் கிடேரிக் கன்றுதான் பிறக்கும் என்கிறார்களே, நம்பலாமா?” என்று மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நம்பலாம், பாதி.

பாலினம் பிரித்த உறைவிந்து என்பது அதன் அலுவலகப் பெயர். தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை உதகமண்டலத்தில் இதைத் தயாரிக்கிறது. பிறக்கும் கன்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரி என்பதைத்தான் விளம்பரங்கள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. ஊசி போட்ட மாடுகளில் எத்தனை சினை பிடிக்கும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு வருவோம். முதலில் பிரிக்கும் வித்தையைப் பார்த்துவிடலாம்.

மாட்டில் கிடேரி தரும் எக்ஸ் விந்தணுவுக்குக் காளைக்கன்று தரும் ஒய் விந்தணுவைவிட டி.என்.ஏ. ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம். ஒய் 25 இட்லிகளைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஓடுகிறது என்றால், எக்ஸின் வாளியில் 26. மூடியைத் திறந்து எண்ணக் கூடாது. திறந்தால் ஆள் காலி. ஆகவே இட்லியில் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தை உள்ளே இறக்கி, ஒற்றை வரிசையில் ஓடவிட்டு, லேசர் அடிக்கிறார்கள். 26 இட்லி ஒரு பிடி கூடுதலாக மின்னும்.

இங்கே ஒரு வில்லங்கம். விந்தணுவின் தலை தட்டையானது. நம் வாளியும் சப்பையான வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்: முகப்பில் பார்த்தால் ஒரு வெளிச்சம், விளிம்பில் பார்த்தால் இன்னொன்று. அந்த வேறுபாடு ஒற்றை இட்லியின் வேறுபாட்டைவிடப் பெரியது! அதனால் எல்லா வாளியும் ஒரே பக்கமாகத் திரும்பி வரும்படி குழாய் முனையையே வடிவமைத்திருக்கிறார்கள். திரும்பாமல் வருபவை கழிவுக்குப் போகும். தேறியவை ஒவ்வொன்றும் ஒரு நீர்த்துளிக்குள் அடைபடும். எக்ஸ் துளிக்கு ஒரு மின்னூட்டம், ஒய் துளிக்கு எதிர் மின்னூட்டம். மின்தகடுகளுக்கு நடுவே விழும்போது இரண்டும் இரு பக்கம் விலகித் தனித்தனிக் குப்பியில் சேரும். இத்தனையும் நொடிக்குப் பல ஆயிரம் முறை.

வரலாறு கேட்பவர்களுக்கு: இதுவும் ஓர் அரசுத் துறையின் வேலைதான். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழுவினர் இப்படிப் பிரித்த விந்தணுவால் முயல் குட்டிகள் பிறந்ததை 1989-இல் வெளியிட்டார்கள். அது போதும்.

சாயம், லேசர், அழுத்தம், பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் என்று இவ்வளவும் பட்ட பிறகு இட்லி நசுங்காமல் ஊர் போய்ச் சேருமா? சாதாரண உறைவிந்துக் குச்சியில் ஏறக்குறைய 2 கோடி விந்தணு இருக்கும். பிரித்த குச்சியில் 20 லட்சம் அளவுக்குத்தான். இருப்பவற்றுக்கும் ஆயுள் குறைவு. சினை பிடிக்கும் வாய்ப்பு குறைவதில் வியப்பில்லை. அதனால்தான் முதல் ஈற்றுக்குப் போகும் திடமான கிடேரிகளுக்கு இதை முதலில் பரிந்துரைக்கிறார்கள்.

ஆக, எல்லாம் கடைசியில் ஊசி போடும் நேரத்தில் வந்து நிற்கிறது. மாடு ஓயாமல் கத்துகிறதா, கண்ணாடி போல் வழும்பு தொங்குகிறதா, இன்னொரு மாடு ஏறினால் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் வேலை. காலையில் கண்டால் மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்பது பழைய கணக்கு; பிரித்த குச்சிக்கு இன்னும் சற்றுத் தள்ளிப் போடுவது நல்லது. கால்நடை மருந்தகத்துக்காரரின் வேலை, குச்சிகள் இருக்கும் குவளையை நைட்ரஜன் கேனின் கழுத்துக்கு மேல் தூக்காமல் குச்சியை இடுக்கியால் சட்டென்று எடுத்து, 37 டிகிரி நீரில் அரை நிமிடம் வைத்து, ஆறவிடாமல் போடுவது. கேனில் நைட்ரஜன் வற்றியிருந்தாலோ, அவர் ஒரு நாள் தாமதமாக வந்தாலோ, உதகை லேசருக்குச் செய்த செலவு அத்தனையும் தண்டம்.

எனவே வாசகரே, ‘கிடேரி உறுதி’ என்பவரிடம் கேட்க வேண்டியது கன்றைப் பற்றி அல்ல. கூப்பிட்டால் எத்தனை மணிக்கு வருவார், கேனில் நைட்ரஜன் எப்போது நிரப்பினார் என்று கேளுங்கள்.