சாரல் சீசனில் கீசர்... கரன்ட் எங்கே போகிறது?

ஐந்தருவியில் அலறிக்கொண்டே தலையை நீட்டுகிற அதே ஆள், தென்காசியில் தன் வீட்டு பாத்ரூமில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊத்த மாட்டார். ஜூனில் சாரல் ஆரம்பிச்சாலே கீசர் ஸ்விட்ச் ‘டிக்’தான். நிஜக் குளிர், ரெண்டு மாசம் கழிச்சு இ.பி பில் வரும்போதுதான் ஏறும்.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 0.6 யூனிட் வேண்டும். நாலு பேருக்கு நாலு முறை என்றால், ரெண்டு மாசத்துக்குக் கிட்டத்தட்ட 145 யூனிட். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிட்டா, 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிடும். அங்கேதான் பில் எகிறுது.

இந்த 0.6 யூனிட், எந்த கீசர் வாங்கினாலும் பெருசா மாறாது. வாளியில் ஹீட்டர் ராடு போட்டாலும் அதேதான். அப்போ 5 ஸ்டார் எதுக்கு? கீசரை ஒரு பெரிய ஃபிளாஸ்க்னு நினைச்சுக்கோங்க. உள்ளே இருக்கிற சூடு, சும்மா இருக்கும்போதே மெதுவா வெளியே கசியும். 24 மணி நேரத்தில் எவ்வளவு கசியுதுங்கிறதுதான் அந்த ஸ்டார். லேபிளிலேயே அந்த எண் இருக்கும், பார்த்து வாங்குங்க.

நாள் முழுக்க ஸ்விட்ச் ஆனிலேயே கிடக்கிற லாட்ஜுக்கு 5 ஸ்டார் கண்டிப்பா லாபம். 20 நிமிஷம் போட்டு அணைக்கிற வீட்டுக்கு ஸ்டாரைவிட சைஸ்தான் முக்கியம். ஒருத்தர் குளிக்க 25 லிட்டரைச் சூடாக்கினா, மிச்சச் சூடு ஆறித்தான் போகும். அடுத்தடுத்து குளிச்சிடுங்க. (அண்ணன் 6 மணிக்கு, தம்பி 9 மணிக்கு என்றால் கஷ்டம்தான்!)

தெர்மோஸ்டாட் 75-ல் இருந்தா 60-க்கு இறக்குங்க. ரொம்பவும் இறக்கி, வெதுவெதுன்னே நாள்கணக்கில் தேக்கி வைக்காதீங்க, கிருமி வளரும். போர் தண்ணீர் உப்பா இருந்தா காயிலில் வெள்ளையா படியும், சீக்கிரமே எரிஞ்சுபோகும். வருஷம் ஒருமுறை சர்வீஸ் அவசியம்.

சோலார்? வெயில் மாசங்களுக்கு அருமை. சாரல் மேகத்துக்கு பேக்கப் காயில் இல்லாம முடியாது.

காசே செலவில்லாத வழி ஒண்ணு: வெயில் எட்டிப் பார்க்கிற நாளில், மொட்டை மாடி கறுப்பு டேங்க் தண்ணீர் சாயங்காலம் இதமா இருக்கும். குளியலை அப்போ வெச்சுக்கிட்டா, கீசர் பாதி வேலைதான் பார்க்கணும்.